உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஆபரேஷன் தேதி மேல்தான் இருக்கும். அது முடிந்து, ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கும் வார்டிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டால் பெரிய கண்டம் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விடுவோம். அப்போதுதான் டாக்டர் சொல்வார்: "இன்னும் நாலு கீமோ பாக்கி இருக்கு."

என் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு கீமோவைப் பெரிய சிரமம் இல்லாமல் தாண்டியவர், பின்னால் வந்த நான்கில் முதலாவதிலேயே தடுமாறிப்போனார். மருந்து அதேதான், உடம்புதான் வேறு. இந்த வித்தியாசத்தை யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நாங்கள் பாதித் தவறுகளைச் செய்திருக்க மாட்டோம். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மகள். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. வீட்டில் நாம் செய்ய வேண்டியதையும், அவரிடம் கேட்க வேண்டியதையும், மறைக்காமல் சொல்ல வேண்டியதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் நோயாளிக்கு எந்த வழி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோவே கொடுக்கலையாம், உங்களுக்கு மட்டும் ஏன்?" என்று விசாரிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். இதற்குப் பதில் தெரிந்திருந்தால் மனம் குழம்பாது.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று ஸ்குவாமஸ் செல் வகை. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது இதுதான். புகையிலை, பாக்கு, மது இவற்றோடு நெருங்கிய தொடர்புள்ளது. இன்னொன்று அடினோகார்சினோமா. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், இரைப்பையோடு சேரும் இடத்தையொட்டி வருவது. பல வருடம் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் இருந்தவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இதன் வாய்ப்பு கூடுதல்.

அடினோகார்சினோமாவுக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படுவது ஃப்ளாட் (FLOT) என்கிற கூட்டு மருந்து. 5-எஃப்யு, லூக்கோவோரின், ஆக்ஸாலிபிளாட்டின், டோசிடாக்ஸல் என்ற நான்கும் சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆபரேஷனுக்கு முன் 4, பின் 4. ஜெர்மனியில் நடந்த ஆய்வின் முடிவு 2019-ல் வெளிவந்த பிறகு இது நிலைபெற்றது. 2024-ல் எசோபெக் என்ற இன்னொரு ஆய்வு, உணவுக்குழாய் அடினோகார்சினோமாவில் இதையும் ஆபரேஷனுக்கு முன் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுக்கும் முறையையும் ஒப்பிட்டது. ஃப்ளாட் பெற்றவர்களில் பாதிப் பேர் 66 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள், மற்றதில் அது 37 மாதங்கள். எங்கள் அப்பாவுக்கு ஃப்ளாட் வழிதான்.

ஸ்குவாமஸ் வகையில் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து முடித்துவிடுவார்கள். நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளியான கிராஸ் ஆய்வின் முறை இது: ஐந்து வாரம், வாரம் ஒரு கீமோ, 23 ரேடியேஷன். இந்த வழியில் வந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாக மறுபடி கீமோ இல்லை. ஆனால் வெட்டி எடுத்த பகுதியில் இன்னும் நோய் மிச்சம் இருந்ததாக ரிப்போர்ட் வந்தால், நிவோலுமாப் என்ற, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை ஒரு வருடம் வரை கொடுப்பது உண்டு. செக்மேட் 577 என்ற ஆய்வு (2021) இதன் பலனைக் காட்டியது. நோய் திரும்பாமல் இருந்த காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமாகக் கூடியது. இது கீமோ அல்ல, பக்கவிளைவுகளும் வேறு. ஆபரேஷனுக்கு முன் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து எடுத்தவர்களில் இரண்டு வகைப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும்.

மூன்றாவது வழியில் வருகிறவர்கள், முதலிலேயே ஆபரேஷன் செய்து, நிணநீர் முடிச்சுகளில் (லிம்ஃப் நோட்) நோய் இருந்ததாக அப்புறம் தெரிந்தவர்கள். ஸ்குவாமஸ் வகையில் ஆபரேஷனுக்குப் பிறகு சிஸ்பிளாட்டினும் 5-எஃப்யுவும் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று ஜப்பானில் 2003-லேயே காட்டினார்கள். அதே மருந்துகளை ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்தால் இன்னும் நல்லது என்று அவர்களே பிறகு கண்டார்கள். அதனால்தான் இன்று முன்னால் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

வெட்டி எடுத்த பகுதியைப் பரிசோதித்து, டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் பேத்தாலஜி ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வெட்டிய ஓரங்களில் நோய் இருக்கிறதா? எத்தனை நிணநீர் முடிச்சுகள் எடுத்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய்? முன்னால் கொடுத்த கீமோவுக்குக் கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது? இனி வரும் சிகிச்சை இந்தப் பதில்களைப் பொறுத்துத்தான் அமையும்.

2. நடுவில் கிடைக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள்

ஆபரேஷன் முடிந்து சுமார் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கீமோ தொடங்கும். இந்த இடைவெளியை ஓய்வு என்று நினைத்துத்தான் நாங்கள் தப்பு செய்தோம்.

ஃப்ளாட் ஆய்விலேயே எட்டு கீமோவையும் முழுதாக முடித்தவர்கள் 46 சதவீதம்தான். ஆபரேஷனுக்கு முன் நான்கை முடித்தவர்கள் ஏராளம். பின்னால் வந்த நான்கில்தான் விட்டுப்போனது. உடல் எடை சரிந்து, சாப்பாடு இறங்காமல், எழுந்து நடக்கவே தெம்பில்லாத ஒருவருக்கு எந்த டாக்டரும் துணிந்து கீமோ ஏற்ற மாட்டார். ஆகவே மிச்சக் கீமோ உள்ளே போகுமா போகாதா என்பதில் பெரும்பங்கு இந்த வாரங்களில் உங்கள் வீட்டுச் சமையலறையில் தீர்மானமாகிறது.

வாரம் இரண்டு முறை, காலையில், ஒரே தராசில், ஒரே மாதிரி உடையோடு எடை பாருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். தினமும் நடக்க வையுங்கள். அப்பாவுக்கு முதல் வாரம் வாசல் வரைக்கும், அடுத்த வாரம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும், பிறகு இரண்டு தெரு. சொத்தைப் பல், ஈறு வீக்கம் இருந்தால் இப்போதே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கீமோ தொடங்கிய பிறகு வாயில் ஒரு சின்னப் புண்கூடப் பெரிய தொற்றாகிவிடலாம். புகையிலை, பாக்கு, மது மூன்றையும் விட்டே ஆக வேண்டும்.

3. சாப்பாடு

ஆபரேஷனில் என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்தால்தான் இது புரியும். உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையை ஒரு குழாய்போல் தைத்து, மேலே நெஞ்சுக்கோ கழுத்துக்கோ இழுத்து இணைத்திருப்பார்கள். எனவே முன்புபோல் நிறைய வாங்கி வைத்துக்கொள்ளும் பை இனி இல்லை. சாப்பிட்டது மேலே வராமல் தடுக்கும் வால்வும் இல்லை. இரைப்பைக்குப் போகும் நரம்புகளும் வெட்டுப்பட்டிருக்கும். அதனால் பசியும் சரியாக எடுக்காது.

"மூணு வேளை நல்லா சாப்பிடுங்கப்பா" என்று வற்புறுத்துவதை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம். எங்கள் வீட்டில் அளவு ஒரு சின்னக் கிண்ணம், குழந்தைக்குப் பருப்பு சாதம் பிசைகிற கிண்ணம். பசிக்குக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. இரவில் தலையணையை மட்டும் உயர்த்தினால் போதாது, வயிறு மடங்கிவிடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து முழுக் கட்டிலையும் சாய்த்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கத்தில் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். ராத்திரி இருமல் வந்தால் சளி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். அரை மணி நேரம் முன்னால் அல்லது பின்னால் குடிக்கட்டும். இரண்டும் சேர்ந்தால் வயிறு சட்டென்று நிறைந்துவிடும், உணவும் குடலுக்குள் வேகமாகச் சரியும்.

இந்த வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அப்பா சோர்ந்து கிடந்தார். அம்மா பாசத்தில் ஒரு பெரிய டம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வயிற்றை முறுக்கிப் பேதி போனது. ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஆட்டோ பிடித்தோம். அது டம்பிங் என்று அங்கே சொன்னார்கள். சர்க்கரை நிறைந்த திரவம் தேங்காமல் நேரே குடலில் கொட்டுவதால் வருவது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் இப்படி வரலாம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கமும் மயக்கமுமாகவும் வரலாம். குளுக்கோஸ், பழச்சாறு, பாயசம், இனிப்பு டீ இவற்றைத் தெம்பு தரும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். விசாரிக்க வருகிறவர்கள் வாங்கி வரும் ஹார்லிக்ஸ் பாட்டில்களையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டு, டயட்டீஷியனிடம் கேட்ட பிறகு பயன்படுத்துங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தவை: சாம்பாரில் ஊறி மென்மையான இட்லி, குழைய வடித்த சாதத்தில் மசித்த பயத்தம்பருப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும், முழுதாக வெந்த முட்டை, முள் எடுத்த மீன், சர்க்கரை போடாத கேழ்வரகுக் கஞ்சி, அன்றன்று உறைய வைத்த தயிர். ஒவ்வொரு கிண்ணத்திலும் பருப்போ முட்டையோ மீனோ தயிரோ ஏதோ ஒரு புரதம் இருக்க வேண்டும். வெறும் கஞ்சியில் எடை ஏறாது. தொண்டையில் நின்றவை: சப்பாத்தி, பரோட்டா, புது பிரெட், இறைச்சித் துண்டு, நார் உள்ள காய்.

முன்பு இறங்கிய உணவு திடீரென்று இறங்காமல் நின்றால் நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தையல் போட்ட இடம் தழும்பாகிச் சுருங்குவது அடிக்கடி நடப்பதுதான். எண்டோஸ்கோப்பி வழியாக அதை விரித்துவிடுவார்கள். அப்பாவுக்கு இரண்டு முறை செய்தார்கள். ஆனால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும், ஏனென்றால் இறங்காத ஒவ்வொரு நாளும் எடை போகிறது.

வயிற்றில் ஃபீடிங் டியூப் போட்டு அனுப்பியிருந்தால் அதைக் கழற்ற அவசரப்படாதீர்கள். வாய் வழியே சாப்பிட ஆரம்பித்த பிறகும், கீமோ நாட்களில் வாய்ப்புண்ணும் குமட்டலும் வரும்போது அந்த டியூப்தான் காப்பாற்றும். ஒவ்வொரு முறையும் ஃபீடுக்கு முன்னும் பின்னும் ஆஸ்பத்திரியில் சொன்ன அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுங்கள். நாங்கள் மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் விட்டு ஒரு முறை டியூபை அடைத்துவிட்டோம். சிரப்பாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். டியூப் கழன்று வந்துவிட்டால் அன்றே, சில மணி நேரத்துக்குள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

4. கீமோவுக்கு முந்தைய வாரம்

ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் டெஸ்ட் எடுப்பார்கள். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் 1,500-க்கு மேலும், தட்டணுக்கள் 1 லட்சத்துக்கு மேலும் இருக்கிறதா என்று பொதுவாகப் பார்ப்பார்கள். "கவுன்ட் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் மனம் ஒடிய வேண்டாம், இது எல்லோருக்கும் நடப்பது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் இரண்டு நாள் முன்பே உள்ளூரில் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் வீண் பயணம் மிச்சம். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். எனவே பழைய எடையைச் சொல்லாமல் அன்றைக்கு எடை பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் கீமோ எடுக்காமல் இப்போதுதான் முதன்முறை 5-எஃப்யு ஏற்றப்போகிறார்கள் என்றால் இதைக் கேளுங்கள்: அந்த மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், அதற்கு டி.பி.டி. டெஸ்ட் உண்டு, எங்களுக்குத் தேவையா? ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தெம்புக்கு என்று வாங்கும் சத்து மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் இருந்தால் அது 5-எஃப்யுவின் பக்கவிளைவைக் கூட்டும். பப்பாளி இலைச்சாறு, கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்துக்கொண்டிருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

5. கீமோ நாள்

டே கேருக்கு (கீமோ ஏற்றும் பிரிவு) காலையில் போட்டுக்கொண்டு போவதற்கு முன்பட்டன் சட்டை நல்லது. நெஞ்சில் தோலுக்கு அடியில் போர்ட் (மருந்து ஏற்றுவதற்கான சின்னக் கருவி) வைத்திருந்தால் ஊசி குத்த வசதி. முதலில் வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கும் மருந்துகள் ஏறும். அவற்றில் ஸ்டீராய்டும் இருப்பதால் சர்க்கரை நோயாளிக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் சுகர் ஏறும், வீட்டில் அளந்து பாருங்கள். டோசிடாக்ஸல் ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் பக்கத்திலேயே இருங்கள். முகம் சிவந்தாலோ, முதுகு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட இடம் எரிந்தாலும் வீங்கினாலும் அப்படித்தான். "கொஞ்சம் எரிச்சல்தானே" என்று பொறுத்துக்கொள்ள விடாதீர்கள்.

ஃப்ளாட்டில் 5-எஃப்யு 24 மணி நேரம் ஏறும். சில இடங்களில் ஒரு ராத்திரி அட்மிட் செய்வார்கள், சில இடங்களில் பால்பாட்டில் அளவு பம்பை மாட்டி வீட்டுக்கோ லாட்ஜுக்கோ அனுப்புவார்கள். உள்ளே இருக்கும் பலூன் மெல்லச் சுருங்கி மருந்தைத் தள்ளும். அதன் மேல் படுத்துவிடாமலும் குழாய் மடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து ஏறும்போது நெஞ்சு வலி வந்தால் வாயு என்று நினைக்கக் கூடாது. உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், பம்பை எப்படி மூடுவது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். கழிப்பறையின் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள். சுத்தம் செய்கிறவர் கையுறை போடட்டும், அழுக்குத் துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

முதல் சில நாள் குமட்டல். மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுக்காமல் எழுதிக் கொடுத்த நேரத்தில் கொடுங்கள். அதற்கும் குமட்டல் அடங்கவில்லை என்றால் போன் செய்து வேறு மருந்து கேளுங்கள்.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. இதை எங்களிடம் சொன்னபோது ஐஸ் வாட்டர் வேண்டாம் என்கிறார்கள் என்று மட்டும்தான் புரிந்துகொண்டோம். மறுநாள் விடியற்காலை அப்பா வெறுங்காலோடு மொசைக் தரையில் நடந்து, அண்டாவில் இருந்த தண்ணீரை எவர்சில்வர் செம்பில் மொண்டார். விரல்களில் ஷாக் அடித்த மாதிரி என்று செம்பைப் போட்டுவிட்டார். ஒரு வாய் குடித்ததும் தொண்டை இறுகி மூச்சே வராததுபோல் ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரியானது. ஆனால் தொண்டையில் ஆபரேஷன் ஆன மனிதருக்கு அது எவ்வளவு பயத்தைக் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே செருப்பும் சாக்ஸும், வெதுவெதுப்பான தண்ணீர், ஃபிரிட்ஜைத் திறக்காதிருப்பது, ஏ.சி. பஸ்ஸில் போர்வை. மண்பானைத் தண்ணீரும் வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு மிருதுவான பிரஷ், உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாளைக்குப் பலமுறை கொப்பளிப்பது. பேதி வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் கூடினால் போன் செய்யுங்கள். டம்பிங்கால் வரும் பேதி எது, கீமோவால் வரும் பேதி எது என்று வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. சாப்பிட்ட நேரத்தையும் பேதி போன நேரத்தையும் நோட்டில் எழுதிவைத்தால் டாக்டர் பிரித்துவிடுவார். முடி கொட்டும், திரும்ப வளரும்.

7. காய்ச்சல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது அவசரம். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சரி. பெரும்பாலும் கீமோ முடிந்த ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும். அப்போது உடம்புக்குத் தொற்றோடு சண்டை போட ஆளே இருக்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம். தெர்மாமீட்டர் வைக்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறோம்.

அப்பாவுக்கு ஆறாவது கீமோ முடிந்து ஒன்பதாவது நாள், ராத்திரி இரண்டு மணி. "அப்பா, உடம்பு சுடுதேப்பா" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா, போர்வை போத்திக்கிட்டேன்ல, அதான்" என்றார். தெர்மாமீட்டரில் 100.6. கீமோ கொடுத்த ஆஸ்பத்திரி சென்னையில், நாங்கள் கும்பகோணத்தில். பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். வைரல் ஃபீவர் என்று ஒரு ஊசி போட்டு, காலையில் வரச் சொல்லி அனுப்பினார்கள். நானும் கீமோ என்ற வார்த்தையைக் கடைசியில்தான் சொன்னேன், அதுவும் வீட்டுக்குக் கிளம்பும்போது. விடியும்போது அப்பாவுக்கு பிரஷர் இறங்கிவிட்டது. 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து நாள் ஆன்டிபயாடிக், அடுத்த கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அதற்குப் பிறகு கீமோ டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன்: இவருக்கு என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதியில், காய்ச்சல் வந்தால் உடனே ரத்த டெஸ்டும் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கும் தேவை, என்று. அதை லேமினேட் செய்து தெர்மாமீட்டரோடு ஒரே பையில் வைத்தேன். நீங்கள் முதல் கீமோ அன்றே வாங்கிவிடுங்கள். உங்கள் ஊரில் 24 மணி நேரமும் ரத்த டெஸ்ட் எடுத்து அட்மிட் செய்யக்கூடிய ஆஸ்பத்திரி எது என்று பகலிலேயே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இவருக்கு கீமோ நடந்துக்கிட்டு இருக்கு." ஆன்டிபயாடிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அணுக்கள் இறங்காமல் இருக்கப் போடும் ஊசி தேவையா என்று முன்பே கேளுங்கள். அப்பாவுக்கு அடுத்த இரண்டு கீமோவுக்கும் போட்டார்கள், காய்ச்சல் வரவில்லை.

காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், தண்ணீர்கூட நிற்காத வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்குவது, ரத்தக்கசிவு, திடீர்க் குழப்பமான பேச்சு, இவற்றுக்கும் அதே வேகம்தான்.

8. டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

ஏழாவது கீமோவுக்கு முந்தைய நாள் அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். மூன்றாவது பித்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடியைப் பார்த்தபடி நான்கைந்து முறை முயன்றுவிட்டு, மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டார். முந்தைய வாரம் டாக்டர் "கை கால் மரத்துப்போகுதா?" என்று கேட்டபோது "இல்லைங்க" என்று சொன்னவர் அவர்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களேம்மா" என்றார்.

பல நோயாளிகள் இப்படித்தான். சொல்லாமல் இருந்தால்தான் சிகிச்சை முழுதாக நடக்கும் என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. சீக்கிரம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், ஒரு மருந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரலாம், ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். டாக்டருக்கு இத்தனை வழி இருக்கிறது. மறைத்து, முற்றிய பிறகு வந்தால் நிறுத்துவது மட்டுமே மிச்சம். ஆக்ஸாலிபிளாட்டினால் வரும் மரத்துப்போதல் கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். மறுநாள் நான் பித்தான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. கடைசி இரண்டு கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டினை விட்டுவிட்டார், மற்றவை தொடர்ந்தன.

எனவே "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பித்தான் போட முடிகிறதா, சில்லறை எண்ண முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று கேளுங்கள். நேற்று எத்தனை கிண்ணம் இறங்கியது, எத்தனை முறை எழுந்து நடந்தார் என்று எழுதுங்கள். அந்த நோட்டுதான் டாக்டரின் ஐந்து நிமிடத்தில் உங்களுக்காகப் பேசும். எல்லாம் செய்தும் நான்கில் இரண்டோ மூன்றோதான் முடிந்தது என்றாலும் அது நோயாளியின் தோல்வி அல்ல. அவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

9. பணமும் பயணமும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆபரேஷனுக்கு எவ்வளவு கழிந்தது, கீமோவுக்கு எவ்வளவு மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை, துணைக்கு வரும் ஒருவருக்கு முக்கால்வாசித் தள்ளுபடி. டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். நிவோலுமாப் விலை அதிகம். எழுதிக் கொடுத்தால் மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

10. கடைசி கீமோவுக்குப் பிறகு

போர்ட் இருக்கும்வரை ஆஸ்பத்திரி சொன்ன இடைவெளியில் அதை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபீடிங் டியூபை, அது இல்லாமலே சில வாரம் எடை நிற்கிறது என்று உறுதியான பிறகு எடுப்பார்கள். பி12, இரும்புச் சத்து, வைட்டமின் டி அளவுகளை அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழாயாகிவிட்ட இரைப்பை இவற்றை முன்புபோல் உறிஞ்ச உதவாது. ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு ஒரு முறை செக்கப் இருக்கும்.

கை கால் மரத்துப்போதல் மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போகலாம். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், பிறகு மெல்ல இறங்கும். அதுவரை வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்க விடாதீர்கள், அடுப்பு வேலையும் வேண்டாம், ராத்திரி நடக்கும் வழியில் விளக்கு எரியட்டும். அப்பாவுக்கு ஏழு மாதம் ஆயிற்று. இப்போது சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். கழுத்துப் பித்தானை மட்டும் நான் போட்டுவிடுகிறேன்.